மூலைக் கடைக்கு எத்தனை ஸ்டார்?



இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பங்கு ஒரே ஒரு சமாசாரத்தைப் பற்றியது. தேர்தல் இல்லை, விசா இல்லை. ஜாக்சன் ஹைட்ஸில், 7 நம்பர் ரயில் தலைக்கு மேல் தடதடத்துப் போகும் ரூஸ்வெல்ட் அவென்யூவிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தெருமூலையில் நடக்கிற லத்தீன் ஃப்யூஷன் உணவகம்தான் அந்தச் சமாசாரம். போன இதழில் அதற்கு நாம் மூன்றரை ஸ்டார் போட்டிருந்தோம்.

நாலரை போட்டிருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். இரண்டுக்கு மேல் போட்டது அநியாயம் என்று இன்னொரு கூட்டம். மூன்றரைதான் சரி என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை!

வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் ஒரே தட்டைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். மாம்பழம் போட்ட செவிச்சேக்காகவே வாரம் ஒருமுறை போகலாம் என்கிறார் வுட்சைட் வாசகி. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனுக்கு 18 டாலரா, அதில் மாம்பழம் வேறா என்று கொதிக்கிறார் எல்ம்ஹர்ஸ்ட் வாசகர். ஒரு குடும்பத்தை சர்வர் உறவுக்காரர் மாதிரி கவனித்திருக்கிறார். இன்னொரு குடும்பம் தண்ணீர் வருவதற்கே நெடுநேரம் காத்திருந்திருக்கிறது. இருவரும் போனது ஒரே கடைக்குத்தானா?

ஆமாம், ஒரே கடைதான். இருவர் சொல்வதையும் நான் நம்புகிறேன்.

கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தப் பக்கமும் இன்னொரு ரிவ்யூ ஆகிவிடும். நம் பக்கத்துக்காரர்களுக்கு எப்படியும் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சின்னக் கடை. செங்கல் சுவர், தாழ்வான கூரை, திறந்த சமையலறை. மெனுவில் பெரு, மெக்சிகோ, கியூபா மூன்றும் கலந்து கிடக்கின்றன. பெரு நாட்டு லோமோ சால்தாதோவை, அதாவது வெங்காயம் தக்காளியோடு பெரிய தீயில் புரட்டிய மாட்டிறைச்சியை, மெக்சிகோ டாக்கோவுக்குள் வைத்துத் தருகிறார்கள். கியூபாக்காரர்களின் நார்நாராகப் பிய்ந்த மாட்டிறைச்சிக் குழம்பு எம்பனாதாவுக்குள் ஒளிந்திருக்கிறது. நம் ஊர் சோமாசியை உப்புக்காரமாகச் செய்தால் எப்படியோ, அதுதான் எம்பனாதா. தொட்டுக்கொள்ள ஒரு பச்சை சாஸ். மரவள்ளிக்கிழங்கு வறுவலும் உண்டு. நம் வீட்டுக் குழந்தைகள் முதலில் காலி செய்வது அதைத்தான்.

செவிச்சேயைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், வழக்கே அதைச் சுற்றித்தானே. குழிவான தட்டில் வருகிறது. கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை மீன் துண்டுகள். ஓரமெல்லாம் எலுமிச்சைச் சாறு பட்டு வெளுத்திருக்கும், நடுவில் இன்னும் பச்சை. மேலே நூல்நூலாக அரிந்த சிவப்பு வெங்காயம், கொத்தமல்லி. ஒரு பக்கம் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு வில்லை, இன்னொரு பக்கம் கடித்தால் நொறுங்குகிற வறுத்த சோளம். இதுவரை பெருவின் லிமாவில் எந்தக் கடையிலும் கிடைப்பதுதான். இந்தக் கடையில் சாற்றோடு தேங்காய்ப்பால் சேர்க்கிறார்கள், மாம்பழத்தைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போடுகிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் பெரு நாட்டுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். இதைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். அவர் கணக்கில் அது செவிச்சே இல்லை, பழ சாலட். அவருடைய பேத்திக்கோ அந்தக் கடைதான் உயிர். தோழிகளின் பிறந்தநாள் எல்லாம் அங்கேதான். ஒரே வீட்டில், ஒரே சமையலில் வளர்ந்த இரண்டு பேர். இதற்கு எத்தனை ஸ்டார் போடுவது?

பாட்டியின் கட்சியில் நம் வாசகர்கள் பலரும் சேர்ந்திருக்கிறார்கள். எது ‘அசல்’ என்பதுதான் அவர்கள் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். ஆனால் கொஞ்சம் தோண்டினால் அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

செவிச்சேக்கு உயிரான எலுமிச்சையும் வெங்காயமும் பெருவுக்கு ஸ்பானியர்களோடு கப்பலில் போனவை. மீனைப் பல மணி நேரம் ஊறவிடாமல் சில நிமிஷங்களிலேயே பரிமாறும் இன்றைய பழக்கத்துக்கு, அங்கே குடியேறிய ஜப்பானிய வழிச் சமையல்காரர்கள்தான் காரணம் என்று சொல்வார்கள். ஜப்பானியர்கள் பெருவுக்குப் போய் இறங்கிய ஆண்டு 1899. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1849 முதல், சீனக் கூலித் தொழிலாளர்களைக் கப்பல் கப்பலாகக் கரும்புத் தோட்டங்களுக்கும், உரத்துக்காகக் கடற்பறவை எச்சம் வெட்டும் தீவுகளுக்கும் கொண்டுபோனார்கள். கால் நூற்றாண்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இலங்கைக்கும் மலாயாவுக்கும் நம்மவர்கள் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சீனர்களின் சோயா சாஸும் இரும்புச் சட்டியும் பெரு நாட்டு உருளைக்கிழங்கோடு சேர்ந்த இடத்தில்தான் லோமோ சால்தாதோ பிறந்தது. பாட்டி ‘எங்கள் வீட்டுச் சாப்பாடு’ என்று சொல்கிறாரே, அதுவும் ஒரு காலத்து ஃப்யூஷன்.

மெக்சிகோவின் பாஸ்தோர் டாக்கோவும் அப்படித்தான். லெபனானிலிருந்து வந்தவர்கள் கம்பியில் செங்குத்தாகச் சுழலவிட்ட ஆட்டிறைச்சி, மெக்சிகோவில் பன்றி இறைச்சியாக மாறியது; மேலே அன்னாசிப்பழம் ஏறியது. இன்று அதைச் சாப்பிட்டுவிட்டு இது மெக்சிகோவே இல்லை என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள்.

நாம் மட்டும் என்ன? சீனாவில் யாருக்கும் தெரியாத கோபி மஞ்சூரியனை நம் கல்யாணப் பந்தியில் இலையில் வாங்கிச் சாப்பிடுகிறோம். அந்தப் பந்தியின் சாம்பாரில் கிடக்கிற மிளகாயும் தக்காளியும் புறப்பட்ட இடம் இதே லத்தீன் அமெரிக்கா.

ஃப்யூஷன் என்ற பெயரில் கடை போடுவதும் நேற்று முளைத்த பழக்கமில்லை. மயாமியை ஒட்டிய கோரல் கேபிள்ஸில் 1989இல் தொடங்கிய ‘யூக்கா’ என்ற உணவகத்தில் பெயர் வாங்கியவர் டக்ளஸ் ரோட்ரிகஸ். கியூபாப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளை. அம்மா சமையலை எடுத்து, அதை உயர்ரக உணவகத் தட்டில் வேறு விதமாக அடுக்கினார். 1994இல் நம் மன்ஹாட்டனுக்கு வந்து ‘பாத்ரியா’வில் சமைத்தார். ‘நுவேவோ லத்தீனோ’ என்று அந்தப் பாணிக்கே ஒரு பெயர் நிலைத்தது. நம் மூலைக் கடைக்காரர்கள் எல்லாம் அந்த வழியில் வந்த பேரப்பிள்ளைகள்.

ஆனால் பாட்டியை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். அவர் கோபத்தில் மாம்பழம் பாதிதான். மீதிப் பாதி வேறு. அவர் ஆயுள் முழுக்க இதையே சமைத்துப் பெரிய கிண்ணங்களில் போட்டுக் கொடுத்தவர். அதையே சின்னத் தட்டில், மேலே சாஸால் கோலம் போட்டு, இரண்டு மடங்கு விலைக்கு வைத்து, ‘புதுமை’ என்று மெனுவில் எழுதினால் வலிக்காதா? நம் வீட்டு ரசத்தைச் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி 9 டாலருக்கு விற்கிற கடைக்கு நாம் என்ன ஸ்டார் போடுவோம்?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: மாம்பழம் தேவையில்லை, தேங்காய்ப்பால் இருக்கலாம். டாக்கோ சொதசொதவென்று ஆகிவிடுகிறது, சோயா சாஸ் அதற்குள் நிற்காது. எம்பனாதா அருமை. கடைசியில் வரும் மூன்று பால் கேக்குக்காக நான் எந்தக் குறையையும் மன்னிப்பேன். சத்தத்தைத் தவிர.

சத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கடையைப் பற்றிய பாதிக் குறைகள் சாப்பாட்டைப் பற்றியவையே இல்லை. செங்கல் சுவர், வெறுந்தரை, ஸ்பீக்கரில் சல்சா. சத்தம் மோதித் திரும்பி வருகிறது. வெள்ளிக்கிழமை இரவு எதிரில் இருக்கும் மனைவியிடம் உப்பைக் கேட்டால் அவர் பில்லைக் கேட்கிறார். சத்தம் காதோடு நிற்பதும் இல்லை. விமானத்துக்குள் கேட்கிற அளவு இரைச்சலில் இனிப்பு மங்கித் தெரிகிறது, சோயா சாஸிலும் தக்காளியிலும் இருக்கிற அந்த உமாமிச் சுவை தூக்கித் தெரிகிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வு. அப்படியானால் செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டவரும் வெள்ளி இரவு சாப்பிட்டவரும் ருசித்தது ஒரே கேக்கையா?

கொத்தமல்லி சமாசாரம் இன்னும் சுவாரஸ்யம். சாஸில் சோப்பு வாடை அடிக்கிறது, பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அவர் ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. சிலர் மூக்குக்குக் கொத்தமல்லி சோப்பாகவே தெரியும். வாசனை அறியும் மரபணு ஒன்றுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆண்டு டொரொன்டோவில் இளைஞர்களிடம் கேட்டுப் பார்த்ததில், கொத்தமல்லி பிடிக்காது என்றவர்கள் கிழக்காசியர்களில் 21 சதவீதம், தெற்காசியர்களில் 7 சதவீதம், லத்தீன் அமெரிக்க வழியினரில் 4 சதவீதம். கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி அரைக்கிற சமையல்காரருக்கு, நூற்றில் சில பேருக்கு அது சோப்பு என்பது எப்படித் தெரியும்? சோப்பு என்று உணர்ந்தவரும் பொய் சொல்லவில்லையே.

வானிலைகூட விளையாடுகிறது. அமெரிக்கா முழுக்க லட்சக்கணக்கான உணவக ரிவ்யூக்களை எடுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, மழையிலும் பனியிலும் கடும் வெயிலிலும் எழுதப்பட்டவற்றில் மதிப்பெண் குறைவு என்கிறது. நனைந்த சாக்ஸோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் நாலு ஸ்டார் போடுவாரா என்ன?

பிறகு, யார் போகிறார்கள் என்பது. 1993இல் நியூயார்க் டைம்ஸின் உணவு விமர்சகர் ரூத் ரைக்ல், மன்ஹாட்டனின் பேர்பெற்ற ‘லெ சர்க்’ உணவகத்துக்கு மாறுவேடத்தில் போனார். காக்கவைத்து, புகைபிடிப்பவர்கள் பக்கத்தில் ஒரு மேசையைக் கொடுத்தார்கள். பிறகு இவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்த நிலையில் போனார். ராஜ உபசாரம், தட்டில் வந்த ராஸ்பெர்ரிப் பழம்கூட முன்பைவிடப் பெரிது. இரண்டு அனுபவத்தையும் அடுத்தடுத்து எழுதி, நான்கு ஸ்டாரிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார். கடை ஒன்று, சமையலறை ஒன்று, சாப்பிட்டவரும் ஒருவர். நம் வாசகர் ஒருவர், குழந்தைகளோடு போனதால் பாத்ரூம் கதவை ஒட்டிய மேசையைத் தந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடையில் இடமே அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் ஜன்னலோர மேசை காலியாக இருந்தது என்கிறாரே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது கடைக்காரர் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

சைவம் சாப்பிடுகிறவர்களின் கடிதங்கள் தனி ரகம். அவற்றைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. லத்தீன் சமையலில் பார்ப்பதற்குச் சைவமாக இருப்பது பல நேரம் சைவமில்லை. மெக்சிகோ பாணியில் மசித்துத் தாளித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். கரீபியன் பக்கத்துக் கறுப்பு பீன்ஸில் வாசனைக்காக ஹாம் எலும்பு போட்டு எடுத்துவிடுவார்கள். சோறு கோழி ஸ்டாக்கில் வெந்திருக்கலாம். வாழைக்காயைப் பூண்டோடு இடித்துச் செய்கிற மொஃபோங்கோவில் பொரித்த பன்றித்தோல் இருக்கும். ‘இறைச்சி உண்டா?’ என்று கேட்டால் சர்வர் ‘இல்லை’ என்பார். அவர் பார்வையில் அது உண்மை. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். பீன்ஸில் மாந்தேக்கா, அதாவது பன்றிக்கொழுப்பு, உண்டா? சோற்றுக்கு என்ன தண்ணீர்? வாழைக்காய் பொரிக்கிற எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்?

இந்த மூலைக் கடையில் கேட்டோம். கறுப்பு பீன்ஸை வெறும் எண்ணெயில்தான் செய்கிறார்கள். சோற்றுக்குக் கோழி ஸ்டாக். எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான், மீனும் அதில்தான். மெனுவில் இலைப் படம் போட்ட ஐட்டங்கள் இருக்கின்றன. அந்த இலையை முழுசாக நம்ப வேண்டாம் என்று கடைக்காரரே சொன்னார். அவருடைய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இலைப் படத்தை எடுத்துவிட்டால் இன்னும் பிடிக்கும்.

சரி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு கோபமும் இவ்வளவு காதலும்? பில்லைப் பாருங்கள், புரியும். நாலு பேர் உள்ள குடும்பம். ஆளுக்கொரு 22 டாலர் தட்டு, நடுவில் 15 டாலரில் இரண்டு ஸ்டார்ட்டர், 6 டாலரில் மூன்று ஜூஸ். 136 டாலர். நியூயார்க் விற்பனை வரி 8.875 சதவீதம். டிப்ஸ் 20 சதவீதம். கூட்டிப் பார்த்தால் 175 டாலரைத் தாண்டும். 74ஆம் தெருவில் இந்தப் பணத்துக்கு எத்தனை மளிகைப் பை வரும் என்று நம் வீடுகளில் கணக்குப் போடாதவர் யார்? மாதம் ஒருமுறை வெளியே சாப்பிடுகிற குடும்பத்துக்கு அது அந்த மாதத்து விசேஷம். அன்றைக்கு டாக்கோ சொதசொதத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆபீஸ் செலவில் சாப்பிட்டவருக்கு அதே டாக்கோ ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பேர் போட்ட ஸ்டாரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற எண் யாருக்கு உதவும்?

அந்தப் பக்கம் கடைக்காரர் நிலைமை. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, சியாட்டில் உணவகங்களின் வரவுசெலவையும் யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தின் மதிப்பெண்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். 2011இல் வந்த அந்த ஆய்வின்படி, ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது. கவனிக்க வேண்டியது அடுத்து வருவது: இந்த ஏற்றமும் இறக்கமும் தனிக் கடைகளுக்குத்தான். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற செயின் கடைகளை ஸ்டார் ஒன்றும் செய்வதில்லை. மெக்டொனால்ட்ஸுக்கு நீங்கள் ஒரு ஸ்டார் போட்டால் அவர்களுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. மூலைக் கடைக்குப் போட்டால் பாத்திரம் கழுவுகிறவரின் வேலை நேரம் குறையலாம். உணவகத் தொழிலில் நூறு டாலர் வியாபாரத்தில் கையில் நிற்பது பொதுவாக மூன்று முதல் ஐந்து டாலர் என்பார்கள். அந்த இடைவெளியில்தான் நம் ஸ்டார் போய் விழுகிறது.

அதனால் குறையே சொல்லக்கூடாது என்கிறேனா? நிச்சயமாக இல்லை. 175 டாலர் கொடுத்தவருக்கு வாயைத் திறக்க உரிமை உண்டு. எங்கே திறப்பது என்பதில்தான் எனக்கு ஒரு யோசனை.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் பார்த்திருக்கிறேன். தட்டு மேசையில் இருக்கும்போது சர்வர் வந்து ‘எல்லாம் நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்பார். ‘ஆ, வெரி குட்’ என்று தலையாட்டுவோம். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுவதற்கு முன்பே போனில் இரண்டு ஸ்டார். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேண்டீனில் தோசை முறுகலாக இல்லையென்றால் அங்கேயே சொல்லி மாற்றி வாங்குகிற அதே அண்ணன்தான், இங்கே வாயே திறப்பதில்லை. கூச்சம் காரணமாக இருக்கலாம். ஆங்கிலத்தில், அதுவும் ஸ்பானிஷ் பேசுகிறவரிடம், குறை சொல்வது சங்கடமாகவும் இருக்கலாம். ஆனால் மேசையில் சொன்னால் டாக்கோவைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு தருவார்கள். இரவு பதினொரு மணிக்கு எழுதினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?

புகழ்ச்சியிலும் சந்தேகம் வேண்டும். ஐந்து ஸ்டார் போட்டு ‘அற்புதம், கட்டாயம் போங்கள்’ என்று மட்டும் இருந்தால் அது கடைக்காரரின் மச்சானாகக்கூட இருக்கலாம். காசு கொடுத்துப் போலி ரிவ்யூ எழுதவைப்பதையும் விற்பதையும் தடுக்க அமெரிக்க வர்த்தக ஆணையம் தனி விதியே கொண்டுவந்துவிட்டது. 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. விதி வந்ததால் மச்சான்கள் ஓய்ந்துவிட்டார்களா என்பது வேறு விஷயம்.

இதே நியூயார்க்கில் 1979இல் டிம், நீனா ஜகாட் என்ற வக்கீல் தம்பதி, நண்பர்களிடம் உணவகங்களைப் பற்றிக் கருத்துக் கேட்டு, அதைத் தொகுத்துக் கைக்குக் கை விநியோகித்தார்கள். பிறகு அது எல்லோர் கையிலும் இருந்த சிவப்பு நிறச் சின்னப் புத்தகமாயிற்று. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. உணவுக்கு 30க்கு இவ்வளவு, இடத்துக்கு 30க்கு இவ்வளவு, கவனிப்புக்கு 30க்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டு, பக்கத்தில் செலவையும் போடுவார்கள். ருசிதான் முக்கியம், சத்தம் பரவாயில்லை என்பவர் முதல் எண்ணைப் பார்த்துக்கொள்வார். மாமியாரை அழைத்துப் போகிறவர் இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரே ஸ்டாருக்குள் திணிப்பது அவசர வேலை.

அதனால் அடுத்த இதழிலிருந்து நம் உணவகப் பகுதியில் ஸ்டார் கிடையாது. ஆசிரியர் குழுவில் இதற்கும் எதிர்ப்பு இருந்தது. ஸ்டார் இல்லாவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்றார் எங்கள் வடிவமைப்பாளர். படிப்பீர்கள் என்று உங்களை நம்பி நான் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

ஸ்டாருக்குப் பதில் உங்கள் வரிகள் வரும். ஆகவே எழுதும்போது கொஞ்சம் விவரம் கொடுங்கள். என்றைக்குப் போனீர்கள், மதியமா இரவா, யாரோடு போனீர்கள், பில் எவ்வளவு வந்தது, என்ன சாப்பிட்டீர்கள். சைவமா என்று கேட்டீர்களா, கேட்டதற்கு என்ன சொன்னார்கள். வயதானவர் உட்கார வசதி உண்டா, குழந்தை வண்டி உள்ளே போகுமா. பிடிக்கவில்லை என்றால் எது பிடிக்கவில்லை, அதை அங்கேயே சொன்னீர்களா, அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள். ‘எனக்குக் காரம் ஆகாது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு ‘பயங்கரக் காரம்’ என்று எழுதினால், காரம் தேடுகிறவர் அன்றைக்கே கிளம்பிப் போவார். உங்கள் குறை அவருக்குச் சிபாரிசு.

முடிந்தால் இன்னொரு தடவை போய்விட்டு எழுதுங்கள். பத்திரிகை விமர்சகர்கள் ஒரே கடைக்குப் பலமுறை போவது சும்மா இல்லை. ஆனால் அவர்களுக்குப் பத்திரிகை காசு கொடுக்கிறது, உங்களுக்கு நாங்கள் கொடுக்கப்போவதில்லை. அதனால் இதைக் கட்டாயமாக்கவில்லை. இரண்டாம் முறை மதியச் சாப்பாட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்; பல கடைகளில் மதிய மெனு மலிவு, சத்தமும் குறைவு.

பில்லின் தொகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடிதம் முழுக்க ருசியைப் புகழ்ந்துவிட்டு விலையை மறைக்கிறவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து எல்ம்ஹர்ஸ்டில் ஓர் இந்தோனேசியக் கடையை எடுத்திருக்கிறோம். பெயரும் முகவரியும் உணவகப் பகுதியில் இருக்கின்றன. போய்வந்தவர்கள் 20ஆம் தேதிக்குள் எழுதுங்கள். போகாதவர்கள் போய்வந்து எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விடுமுறை. கார்டு வாங்க மாட்டார்கள், கையில் பணம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்